ஓர் அரிசி அளவு முடி

என் அத்தானுக்கு ஒரு நல்ல பேர் உண்டு. ஆனால் பட்டாள முகாமில் அது ஒருத்தருக்கும் தெரியாது. வாசலில் நிற்கிற காவலாளி முதல் காரில் வருகிற பெரிய அதிகாரி வரை எல்லாருக்கும் அவர் ‘ஜீரோ’தான். பட்டாளத்தில் புதிதாகச் சேர வருகிற பையன்களுக்கு முதல் நாள் தலைமுடியை எடுக்கிறவர் அவர். மிஷினின் முனையில் சீப்பு எதுவும் மாட்டாமல் அப்படியே தலையில் வைத்து ஓட்டினால் அதற்கு ஜீரோ நம்பர் என்று பெயர். அந்தப் பெயர் மிஷினை விட்டு ஆள்மேல் ஏறிக்கொண்டது. பட்டப்பெயர் வைப்பதில் பட்டாளத்துக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. நான் அங்கே தையல்காரன். என்னை ‘ஊசி’ என்பார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன். அதற்கப்புறம் ‘குத்தூசி’ என்றார்கள். விட்டுவிட்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் வேலை ஒரே கொட்டகையில். தகரக் கூரை, சிமெண்டுத் தரை. ஒரு பக்கம் மூன்று முக்காலிகள். நடு முக்காலி அத்தானுடையது, மற்ற இரண்டுக்கும் வேறு ஆட்கள் வருவார்கள், போவார்கள். எதிர்ப்பக்கம் என் தையல் மிஷின். எல்லாப் பையன்களும் ஒரே உயரம் என்று நினைத்து அரசாங்கம் பேன்ட்டைத் தைத்து அனுப்பிவிடும். பையன்கள் அடங்காமல் ஆளுக்கொரு உயரத்தில் வந்து நிற்பார்கள். கீழே மடித்து அடிப்பதும் இடுப்பைப் பிடிப்பதும் என் பாடு. கொட்டகையில் கண்ணாடி கிடையாது. இருந்தால் பையன்கள் பார்த்து அழுவார்கள் என்று எந்தக் காலத்திலோ எந்த அதிகாரியோ முடிவு செய்திருக்கிறார். கண்ணாடி இல்லாமலும் அழத்தான் செய்தார்கள்.

அத்தானுக்குக் கை ஓடும்போது வாயும் ஓடும். ஒரு தலைக்கு ஆகிற கொஞ்ச நேரத்துக்குள் பட்டாளம் என்றால் என்ன என்று அவனுக்கு முழுசாகச் சொல்லி முடித்துவிடுவார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

“தம்பி, விசில் சத்தம் கேட்டதும் எந்திரி. கண்ணு அப்புறம் முழிச்சுக்கட்டும். சாக்ஸை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போடு, தையல் உரசாது, புண்ணு வராது. சாப்பாட்டை மெல்லணும்னு ஆசைப்படாதே, முழுங்கு. யாருக்கு நல்லாப் பாட வரும்னு கேட்டா கையைத் தூக்கிடாதே. கக்கூஸ் கழுவ ஆள் தேடுறாங்கன்னு அர்த்தம். திட்டுவாங்க. உங்க அம்மா அப்பாவை எல்லாம் இழுத்துத் திட்டுவாங்க. அது உன்னை இல்ல, உன் சட்டையைத் திட்டுறாங்கன்னு நெனச்சுக்கோ. ராத்திரி போர்வைக்குள்ள அழுகை வரும். எல்லாருக்கும் வரும், நீ மட்டும்னு நெனைக்காதே. முதல் ஆளாவும் வராதே, கடைசி ஆளாவும் வராதே. நடுவுல இரு. உன் மூஞ்சி டிரில் மாஸ்டருக்கு ஞாபகம் இருக்கக் கூடாது. அதான் தம்பி பட்டாளம். எந்திரி.”

எந்திரிக்கும்போது அந்தப் பையனின் வெளுத்த முகத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் திரும்பியிருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். அத்தான் பார்த்ததில்லை, அவர் அதற்குள் அடுத்தவன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் பையன்களிடம் சொன்னதில்லை. எனக்குச் சொல்லியிருக்கிறார். பயிற்சி முடிந்து கிளம்புவதற்கு முன்னால் அதே பையன்கள் கடைசியாக ஒருமுறை முடி வெட்டிக்கொள்ள வருவார்கள். “மச்சான், முதல் நாள் இந்த முக்காலியில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதவன் எவன்னு ஒவ்வொரு தடவையும் தேடிப் பாப்பேன். கெடைக்கவே மாட்டான். உள்ள போறவன் ஒருத்தன், வெளிய வர்றவன் வேற ஒருத்தன். அந்தப் பழையவன் எங்கதான் போறான்?” என்று கேட்பார். எனக்கு என்ன தெரியும்? நான் பேன்ட்டை மடித்து அடிக்கிறவன். இடுப்பு இளைத்துப் போயிருப்பது மட்டும் தெரியும்.

அதனால்தான் அவர் தன் மகனை அந்த வாசல் பக்கமே அண்டவிடவில்லை. ஒரே மகன். பிடரிக்கு மேலே இரண்டு சுழி. அதனால் வீட்டில் ‘சுழியன்’. பிறந்ததிலிருந்து அவன் தலையில் அப்பா கை தவிர வேறு கை பட்டதில்லை. முடி வெட்டி முடித்ததும் அத்தான் அந்த இரண்டு சுழியிலும் சுழிக்கொன்றாக இரண்டு விரலை வைத்து அழுத்துவார். பையன் ‘பீப்’ என்று கத்துவான். வாசலில் மணி அடித்த மாதிரி அக்கா அடுப்படியிலிருந்து “யாரு வந்திருக்கா?” என்பாள். மீசை முளைத்த பிறகும் இந்தக் கூத்து நடந்தது. என் வீட்டில் நானும் என் பிள்ளைகளும் இப்படிச் சிரித்ததே இல்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

அவன் முகாம் வேலிக்கு வெளியே ஓடிப் பழகினான். முதலில் உடம்புக்கு நல்லது என்றான். அப்புறம் ஒருநாள் பட்டாளத் தேர்வில் ஓட்டம், உயரம், மருத்துவம் எல்லாம் தேறிவிட்டு வந்து நின்றான். அத்தான் தலைகீழாக நின்று பார்த்தார். கெஞ்சினார், கத்தினார், சாப்பிடாமல் கிடந்தார். அக்கா மகன் பக்கம். “பிள்ளை நிமிர்ந்து நிக்கப் போறான், அது பொறுக்கலையா உங்களுக்கு?” என்றாள். அவளுக்கு அந்த உடுப்பின்மேல் ஒரு மயக்கம். நான் தைத்துக் கொண்டு போகும் சட்டைகளைத் தடவித் தடவிப் பார்ப்பாள்.

“நான் தினம் பாக்குறேன்டா. நீ நீயா திரும்பி வர மாட்டே” என்றார் அத்தான்.

“நானா இருந்து என்ன பண்ண? உங்களை மாதிரி அடுத்தவன் முடியைத் தரையில பெருக்கிட்டு இருக்கவா?” என்றான் சுழியன்.

அந்த வயதில் வாய் அப்படித்தான் இருக்கும். ஆனால் அத்தானுக்கு அது ஆறவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள் பேச்சு நின்றது. ஒரே தட்டில் குழம்பை ஊற்றிக்கொள்ளாத குறையாக ஒட்டி இருந்தவர்கள், அக்காவை நடுவில் வைத்து, ‘தண்ணி வேணும்னு சொல்லு’, ‘எடுத்துக்கச் சொல்லு’ என்று ஆகிப்போனார்கள். அவன் முடி காதை மூடி வளர்ந்தது. அப்பாவிடம் வெட்டக் கேட்கவில்லை. வெளியேயும் போய் வெட்டவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவன் சேருகிற நாளன்று “லீவு போட்டுடுங்க அத்தான்” என்றேன்.

“போட்டா? வேற எவன் கையிலயோ போய் உக்காரணுமா அவன்?” என்றார்.

அன்றைக்குக் கொட்டகையில் அவருடைய வாய் ஓடவில்லை. மூன்று முக்காலிக்கும் ஒரே வரிசை. எது காலியாகிறதோ அதில் அடுத்தவன் உட்கார வேண்டும். சுழியன் முன்னுக்கு வர வர, அத்தான் கையிலிருந்த தலையை ஓட்டினார், ஓட்டினார், ஓட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பையன் தோலே உரிந்துவிடும்போல் இருந்தது. பக்கத்து முக்காலிகள் நிறைந்த பிறகுதான் அவனை விட்டார். சுழியன் வந்து அப்பாவின் முன்னால் உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தெரிந்தவர்கள் என்றே காட்டிக்கொள்ளவில்லை.

அத்தான் மிஷினை எடுத்தார். வைத்தார். மேஜை மூலையில், அதிகாரிகளுக்கு வெட்டும்போது பயன்படுத்துகிற சீப்பு டப்பா இருந்தது. அதிலிருந்து ஒன்றாம் நம்பர் சீப்பை எடுத்து ‘டக்’ என்று மாட்டினார். நான் தையலை நிறுத்திவிட்டேன். ஒன்றாம் நம்பர் போட்டால் தலையில் ஓர் அரிசி அளவுக்கு முடி மிச்சம் இருக்கும். அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவாவது அவன் அவனாக இருக்கட்டும் என்று நினைத்தாராம். அப்புறம் என்னிடம் சொன்னார். முதலாகவும் வராதே கடைசியாகவும் வராதே என்று ஊரான் பிள்ளைக்கெல்லாம் ஓதிய மனுஷன்.

கண்ணுக்குத் தெரியாததுதான். ஆனால் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. முடி எடுத்தவர்களைக் கொட்டகை வாசலில் வெயிலில் நிறுத்தி, டிரில் மாஸ்டர் ஒவ்வொரு தலையையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். ஜீரோ போட்ட தலை கையைச் சொரசொரவென்று இழுக்கும். முடி மிச்சமிருந்தால் மெத்தென்று இருக்கும். வருஷக்கணக்காக அத்தான் கையில் ஒரு தலைகூட மெத்தென்று வந்ததில்லை. அதனால் அந்தச் சோதனையையே அவர் மறந்திருந்தார் என்று நினைக்கிறேன். அல்லது மறக்கவில்லையோ என்னவோ. மனசு கெட்டுப்போனால் கைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

டிரில் மாஸ்டரின் கை சுழியன் தலையில் நின்றது.

“அடேடே. கல்யாண மாப்பிள்ளையா நீ? முடியெல்லாம் வெச்சுக்கிட்டு வந்திருக்கே?”

முக்காலியை வெளியே கொண்டுவரச் சொன்னார். சுழியனை அதில் உட்காரவைத்தார். “மாப்பிள்ளை உக்காரட்டும். மத்தவங்க எல்லாம் ஊர்வலம் போங்க” என்றார். கொளுத்துகிற வெயிலில், அப்போதுதான் மழித்த வெள்ளைத் தலைகளோடு, அத்தனை பையன்களும் சரளைக் கல்லில் முழங்காலால் ஊர்ந்து அந்த முக்காலியைச் சுற்றி வந்தார்கள். அன்று காலையில் நான் மடித்து அடித்த பேன்ட்டுகள் முட்டியில் கிழிந்தன. ஒருத்தன் வாந்தி எடுத்தான். ஒவ்வொருத்தனும் சுழியன் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊர்ந்தான். அப்படி ஒரு வெறுப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அத்தான் ஓடிப்போய், “சார், தப்பு என்னோடது. சீப்பைக் கழட்ட மறந்துட்டேன்” என்றார்.

“உன் தப்புக்கும் இவங்கதான் ஊர்ந்தாகணும், ஜீரோ. அது இன்னிக்கே இவங்களுக்குத் தெரியட்டும்” என்றார் டிரில் மாஸ்டர்.

அத்தான் வாயைத் திறந்தார். ‘இவன் என் மகன்’ என்று சொல்லத்தான். முக்காலியில் இருந்தவன் மெதுவாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அத்தான் மூடிக்கொண்டார். அப்புறம் எல்லார் முன்னாலும் சீப்பில்லாத மிஷினை வைத்து, அந்த அரிசி அளவையும் எடுத்தார்.

முகாமில் அவன் பெயர் ‘மாப்பிள்ளை’ ஆனது. படுக்கையில் தண்ணீரை ஊற்றுவார்களாம். பூட்ஸில் ஒன்றை ஒளித்து வைப்பார்களாம். சாப்பாட்டு மேஜையில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுவார்களாம். டிரில் மாஸ்டருக்கு அவன் முகம் முதல் நாளே மனப்பாடம், எதற்கெடுத்தாலும் “மாப்பிள்ளை, வா முன்னால.” நடுவில் ஒளிந்துகொள்ள அவனுக்கு இடமே இல்லாமல் போனது. அதனால் அவன் முதல் ஆளாக வரத் தொடங்கினான். ஓட்டத்தில் முதல், சுடுவதில் முதல், பூட்ஸ் பளபளப்பில் முதல். தன்னிடம் யாரும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாதபடி தன்னைத் தானே தேய்த்துக்கொண்டான். பயிற்சி முடிந்த அன்று சிறந்த வீரன் கோப்பை அவனுக்குத்தான். அக்கா தெருவெல்லாம் காட்டினாள்.

லீவில் வீட்டுக்கு வந்தான். முதுகு சாயாமல் உட்கார்ந்து, மெல்லாமல் முழுங்கி, தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தான். அக்கா எது கேட்டாலும் “சரி”, “இல்லை”, “நல்லா இருக்கேன்”. அப்பாவோடு பேசினான், அதுவும் இப்படித்தான். கோபம் இருந்தாலாவது பரவாயில்லை; கோபமே இல்லை. ஒரு மத்தியானம் அவன் மல்லாந்து விறைப்பாகத் தூங்கி, பிறகு புரண்டபோது, அத்தான் பக்கத்தில் போய் அவன் பிடரியைக் குனிந்து பார்த்தார். விரலை நீட்டினார். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

“ரெண்டும் இருக்கு மச்சான். அது மட்டும்தான் இருக்கு” என்றார் என்னிடம்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போங்க அத்தான், பெரிசா பேச வந்துட்டீங்க என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம் சில வருஷங்கள் எங்கெங்கோ எல்லைக்குப் போனான். ஒரு நாள், அதே முகாமுக்கு டிரில் மாஸ்டராக மாற்றலாகி வந்து நின்றான். வீடு அடுத்த தெருவில்; அவன் தங்கியது முகாம் குடியிருப்பில். ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டான்: “உள்ள நீங்க என் அப்பான்னு யாருக்கும் தெரிய வேணாம். உங்களுக்கும் நல்லது.” அத்தான் தலையாட்டினார். ஆனால் அக்காவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. “ஒரே எடத்துல வேலை. தினம் பாத்துக்கலாம், பேசிக்கலாம்” என்றாள். அன்றிலிருந்து அத்தான் வீட்டுக்குள் காலை வைத்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, “இன்னிக்கு அவன் பேசினானா?” என்பதுதான். “வேலை மும்முரம்” என்பார் அத்தான். உள்ளே இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தூணைத் தாண்டிப் போகிற மாதிரி போவான்.

அந்த வருஷம் புதுப் பையன்கள் வந்த அன்று, அத்தான் முக்காலியில் ஒருவன் உட்கார்ந்தான். ஒல்லிக்குச்சி. உட்காரும்போதே தோள் குலுங்கியது. அத்தான் வழக்கம்போல் விசில், சாக்ஸ் எல்லாம் ஆரம்பித்தார். அவன் கேட்கிற நிலையில் இல்லை. “காலையில எங்க அப்பாதான்ணே தலை சீவி விட்டாரு” என்று மட்டும் சொன்னான்.

அத்தானின் பேச்சு நின்றது. நான் நிமிர்ந்தேன். அவர் கை மேஜை மூலைக்குப் போவதைப் பார்த்தேன். “அத்தான், வேண்டாம்” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் காதில் விழவில்லை. ‘டக்’ என்று சத்தம் கேட்டது.

வாசலில் வரிசை நின்றது. சுழியன் உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தான். ஒல்லிக்குச்சியின் தலையில் அவன் கை நின்றது. அவன் கத்தவில்லை. கட்டைவிரலால் அந்த முடியை ஒருமுறை, ஒரே ஒருமுறை, வருடினான். பிறகு கொட்டகைக்குள் திரும்பிப் பார்த்தான்.

“பார்பர். இவனுக்கு மறுபடி ஓட்டு.”

ஓட்டுங்க என்றில்லை. ஓட்டு.

“சரிங்க சார்” என்றார் என் அத்தான்.

அன்றைக்கு யாரும் ஊரவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் காதில் அந்த ‘ஓட்டு’ மட்டும் இருந்தது. மதியம் ஆயுதக் கிடங்கின் பின்னால் அவனைத் தனியாகப் பிடித்தேன். தாய்மாமன் நான், என்னை என்ன செய்துவிடுவான்?

“டேய், உங்க அப்பாடா அது! நாக்கு எப்படிடா வந்துச்சு?”

“அப்பான்னு கூப்பிட்டிருந்தா, டிரில் மாஸ்டரோட அப்பா யாருக்கு முடியை விட்டு வெச்சாருன்னு எல்லாரும் அந்தப் பையனைத்தான் பாத்திருப்பாங்க மாமா. யாருன்னு கேட்டிருப்பாங்க. அவனுக்கு அப்புறம் என்ன நடந்திருக்கும்னு எனக்குத் தெரியும்.”

அவன் தன் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டான்.

“அன்னிக்கு சீப்பை மாட்டின சத்தம் எனக்கும் கேட்டுச்சு மாமா. வேணாம்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா என்னைத் தொட்டு ரொம்ப நாள் ஆயிருந்துச்சு. கொஞ்ச நேரம் கை தலையிலயே இருக்கட்டும்னு பேசாம இருந்துட்டேன்.” குரலில் ஒன்றுமே இல்லை, உணவு இருப்பு விவரம் படிப்பதுபோல் சொன்னான். “இதை அவர்கிட்ட சொல்ல வேணாம். உங்க வேலையைப் பாருங்க, போங்க.”

நான் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. பட்டாளத்தில் இருப்பது அவன்தானே, நான் இல்லையே. சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது அத்தானிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான்.

“சத்தம் கேட்டுச்சாமா?”

“ஆமா அத்தான்.”

“கேட்டும் பேசாம உக்காந்திருந்தானா?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து அந்த ஒன்றாம் நம்பர் சீப்பை எடுத்து என் கையில் வைத்தார். “உன் பட்டன் டப்பாவுல போட்டுடு மச்சான். என் கைக்கு எட்டுற எடத்துல வேணாம்” என்றார். அதில் இரண்டொரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. ஒல்லிக்குச்சியுடையதாகத்தான் இருக்கும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். அக்கா உள்ளேயிருந்து வழக்கம்போல் கேட்டாள்.

“இன்னிக்கு அவன் பேசினானா?”

“பேசினான்” என்றார் அத்தான்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடி வந்தாள். எத்தனை நாள் காத்திருந்த பதில் அது! முகமெல்லாம் பல்.

“நெஜமாவா? என்ன சொன்னான்?”

அத்தான் அவளைப் பார்க்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

“சரியாத்தான் சொன்னான்” என்றார்.